வலது மேல் மூலை

கண் முதலில் அங்கேதான் போகுமாம்.
கொழும்பிலிருந்து வந்த தினுக
என் திரையில் விரல் வைத்துக் காட்டினான்.
ரேகை இன்னும் இருக்கிறது.
அங்கே ஒரு பெட்டி போடு,
பெட்டியைச் சுற்றி எதுவும் போடாதே.
வெறுமையும் ஒரு மசாலாதான்.

பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கலியாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும்
ஒரே எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தவள் நான்.
எல்ல டவுனில் ருஷ்தியின் கடைக்கு மெனு கார்டு
எனக்கு வந்த முதல் பெரிய வேலை.

'ரூபா' என்ற சொல்லை எடுக்கச் சொன்னான்.
எடுத்தேன்.
1950 தனியே நின்றது,
ஏதோ பழைய வருசம் போல.

விலைகளை வரிசையாக நிறுத்தக் கூடாதாம்.
எனக்கு உடனே விளங்கியது:
பெரட்டுக் களத்தில் ஆள் நிற்பதுபோல் நின்றால்
கங்காணி மாதிரி எண்ணிக்கொண்டே
கீழே இறங்கிவிடுவார்கள்.
ஆகவே கலைத்துவிட்டேன்.
ஒவ்வொரு சோற்றின் வாலிலும்
ஒட்டிக்கொண்டது அதன் விலை.

கடல் தெரியாத மலையில்
சிங்கி இறால், 7800.
யார் வாங்குவார்?
யாரும் வாங்க வேண்டாம்,
அது பக்கத்தில் இருந்தால் மற்றதெல்லாம் மலிவு.
சமையலறைப் பக்கமே வராமல்
மாதாமாதம் சம்பளம் வாங்குகிற ஒன்று.

பெட்டிக்குள் எதை வைக்க?
ரொட்டி, என்றார் ருஷ்தி.
'பனி மூட்டத்துக் காலையில்
தேயிலை மலைமக்கள் கையால் தட்டும்
கல் ரொட்டி, இடித்த சம்பலுடன்.'
பதினொரு சொல்.
விடிய நான் தின்றுவிட்டு வந்ததற்கு
இவ்வளவு பேர் இருப்பது
எனக்கே தெரியாது.

லேமினேட் சூடு ஆறாத நாற்பது கார்டோடு
ரயிலில் போனேன்.
'ஏதாவது சாப்பிடும்மா, கடைக் கணக்கு.'
கார்டைத் திறந்தேன்.
எங்கே எது இருக்கிறதென்று
மில்லிமீட்டரில் தெரியும் எனக்கு.
இருந்தும் கண் நேரே
வலது மேல் மூலைக்குப் போனது.
ரொட்டி கேட்டேன்.
சம்பலில் உறைப்புக் காணாது.

அடுத்த மேசையில் நனைந்த குடையோடு ஒருவர்,
நமுனுகுலப் பக்கமாம்.
மகளுக்கு ஹோட்டல் ஒன்றில் இன்டர்வியூ,
நேரம் கிடக்கிறது.
அவர் விரல் வலப்பக்கம் இறங்கப் பார்த்தது.
இறங்கப் படி இல்லை.
இறாலில் முட்டி நின்றது.
மகள் பெட்டியைச் சத்தமாக வாசித்தாள்.
'கையால் தட்டும்' வரை வந்தவள்
சிரிப்பை அடக்க மாட்டாமல்
கார்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

'ரெண்டு ப்ளேன்டி' என்றார்.
'கார்டுல இல்லியே' என்றான் வெயிட்டர்.
அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்னால் எங்கள் அச்சகத்தின்
டெலிபோன் நம்பர் மட்டும்.
அதையும் ஒருமுறை வாசித்தார்.
பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

விலை கூட்டி மறுபடி அடிக்கச் சொல்லி
ருஷ்தி அனுப்பியபோது
இறாலை 8500 ஆக்கினேன்.
ரொட்டிக்கு நூறு.
இடது கீழ் மூலை, தினுக சொன்னபடி
கண் போகாத இருட்டு.
அங்கே எட்டுப் பொயின்டில்,
ஒருத்தரையும் கேட்காமல்:
ப்ளேன்டி, 100 ரூபா.

மூன்று மாதமாகிறது.
ருஷ்தி இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
வெயிட்டர்தான் போன் எடுத்தான்:
ஒரு நாளைக்கு ஆறு, ஏழு போகுதாம்.
கப்பில் போடாமல்
கையில் சீனி கேட்கிறார்களாம்.