ஆறுதல் பரிசு

ஞாயிறு பகல், யீஷூன்.
புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில்
என் வேனின் முதுகை
ஒரு டாக்சி தட்டியது.
தட்டியது என்பது டாக்சிக்காரர் சொல்.
பம்பர் தொங்கியது என்பது என் சொல்.

நான் இறங்குவதற்குள் கூட்டம் இறங்கிவிட்டது.
அடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை.
ஒருவர் குனிந்தார்.
டயரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
கல்வெட்டு படிப்பவர் போல
என் நம்பர் பிளேட்டை வாசித்தார்:
நாலு. ஒன்று. ஏழு. இரண்டு.

ஏழாம் மாடியில் ரொஸ்னா மக்சிக்
துணி கோத்த மூங்கில் கழியை
ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி கத்தினார்:
"கடைசி எண் ஒன்றா, இரண்டா?"
கழி நுனியில் அவர் மகனின் சட்டை
காற்றில் ஒருமுறை கையசைத்தது.
அன்று எனக்கு அனுதாபம் காட்டியது
அந்தச் சட்டை ஒன்றுதான்.

"ஸாரி லா" என்றார் டாக்சிக்கார செங் வா.
அந்த "லா" இருக்கிறதே,
மன்னிப்புக்கும் அதுதான், மறுப்புக்கும் அதுதான்,
எந்த ஓட்டைக்கும் பொருந்தும் திருகாணி.
படம் எடுத்தார். இன்ஷூரன்ஸுக்கு என்று நினைத்தேன்.
மனைவிக்கு அனுப்பினார்.
"பெரிசு ஒரு வெள்ளி, சின்னது ஒரு வெள்ளி, சீக்கிரம்."

பேசித் தீர்க்கக் காப்பிக்கடைக்குப் போனோம்.
மேசைகள் காலி, ஆனால் காலி இல்லை.
ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ்யூ பாக்கெட்
சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.
ஒன்றில் குடை. ஒன்றில் யாருடைய அலுவலக அட்டையோ,
படத்தில் சிரித்துக்கொண்டு இடம் பிடித்தது.
நிலம் வாங்கக் கையெழுத்து இருபது கேட்கிற ஊரில்
நாற்காலிக்குப் பத்திரம் மூக்குச் சிந்தும் காகிதம்.
அதை நகர்த்த எவனுக்கும் துணிவில்லை.
எனக்கும் இல்லை.
நின்றுகொண்டே குடித்தோம்.

தண்ணீர்க்கடை அக்காவுக்குப் பதினொரு வருடமாக
என் பெயர் தெரியாது.
நான் அங்கே "கோப்பி சி, சீனி குறைச்சு".
அன்றுதான் முதல்முறை என்னைப் பற்றிக் கேட்டார்:
"வேன் நம்பர் என்ன?"

நாலு மணிக்கு வரிசை சந்து திரும்பியது.
கடைசியில் நின்ற பையன்
பாதி தூரம் நகர்ந்த பிறகு
முன்னால் நின்றவரைக் கேட்டான்,
"இது எதுக்கு வரிசை?"
பதில் கேட்டும் விலகவில்லை.
நின்ற வரிசையை விடுவது பாவம் அல்லவா.

நான் வாங்கவில்லை.
என் பம்பர், என் வலி, என் எண்,
இதில் என் காசும் வேறா?
நான் ஏர்கான் பழுதுபார்ப்பவன்.
குளிரைக் காசு கொடுத்து மாட்டிவிட்டு
அதன் கீழே ஸ்வெட்டர் போட்டுக்கொள்பவர்களிடம்
பிழைப்பவன். எனக்குத் தெரியாத விவேகமா?

மாலை ஆறரை.
இரண்டு ஏழு ஒன்று நாலு.
புரட்டிப் போட்டு எழுதியவர்களுக்கெல்லாம்
ஆறுதல் பரிசு.

தவமணி என்னிடம் பேசவில்லை.
சோற்றை வைத்த சத்தம்
டாக்சி தட்டியதைவிடப் பலமாக இருந்தது.
ஒன்பது மணிக்குக் கதவு தட்டி
மக்சிக் ஆறு கறிபஃப் கொடுத்தார்.
அக்கா அனுப்பிய கோப்பி சி,
பிளாஸ்டிக் பையில், கயிறு கட்டி, ஆறிப்போய்.
பம்பருக்கு நானூற்று எண்பது வெள்ளி.

மறுநாள் மாலை வேலை முடிந்து திரும்பினேன்.
கார் நிறுத்துமிடம் நிரம்பியிருந்தது.
செங் வா இடித்த அதே இடம் மட்டும் காலி.
நடுவில், வெள்ளைக்கோட்டுக்குள் ஒழுங்காக,
ஒரு டிஷ்யூ பாக்கெட்.

மேலே பார்த்தேன்.
ஏழு மாடியிலும் தலைகள்.
"வா, வா, ரிவர்ஸ் எடு" என்றார் ஒருவர்.
பின்னால் ஒரு டாக்சி
மெதுவாக
விளக்கைப் போட்டது.