தேவை இருபத்தொன்று

லியெபாயாவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
இல்மார்ஸின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டுக்குள்.
சாரத்திலிருந்து விழுந்ததாக நண்பர்களிடம் சொல்கிறான்.
எங்கள் வாசல் பனியில் வழுக்கியதை
நானும் நாயும்தான் பார்த்தோம்.

பத்தொன்பது வருடம் செங்கல் அடுக்கியவன்
இடது கையால் மவுஸைப் பிடித்து
திரைக்குள் ஒரு புல்வெளியில் நிற்கிறான்.
களிமண் இருக்கிறது. விறகு இருக்கிறது. சூளை இருக்கிறது.
சுவர் என்று அழுத்தினால்
சிவப்பில் எழுகிறது ஒரு வரி:
கொத்து வேலைத் திறன் போதாது.
தேவை 21. உங்களிடம் 1.

பிசைந்த மாவு விரலில் ஒட்டியிருக்க
வந்து பார்த்துச் சிரித்தேன்.
"ஒன்றாவது கொடுத்தார்களே" என்றான்.

கைவந்த கலை என்பார்கள்.
கை வராத ஆறு வாரம்
அவன் செங்கல் சுட்டான்.
நூறு சுட்டால்
புள்ளிக்குப் பின்னால் ஏதோ லேசாக நகரும்,
தூங்குகிறவனின் இமை போல.
சூப் ஆறிப்போகும். மறுபடி சுட வைப்பேன்.
எனக்கு எந்த எண்ணும் ஏறவில்லை.

வாடகை பேசுகிற குரலில் விதிகளைச் சொல்வான்:
நாலு சுவருக்கு இருபத்தொன்று,
மாடிக்கு நாற்பது,
வளைவு வைக்க அறுபத்தைந்து,
ஓடு வேய்வது வேறு தொழில், வேறு கணக்கு.
"இதையெல்லாம் யார் முடிவு செய்தது?"
"ஒப்பந்தக்காரனாக இருந்தவன் எவனோ."

ஒரு விடியற்காலை மூன்றரைக்கு
"விஸ்மா, விஸ்மா" என்று உலுக்கினான்.
இருபத்தொன்று.
போர்வையோடு போய் உட்கார்ந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது சுவர் எழுந்ததும்
அவன் உள்ளே நின்றிருந்தான்.
கதவு வைக்கத் தச்சுத் திறன் பன்னிரண்டு.
அவனிடம் மூன்று.

"எந்தக் கொத்தனார் உள்ளே நின்றுகொண்டு
கடைசிச் சுவரை எழுப்புவான்?"
"கதவுக்கு எப்போதும் வேறு ஆள்.
குன்டிஸ். வெள்ளிக்கிழமை வருவான்."
சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான்,
விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

கூரையில்லாத அறைக்குள் மழை பெய்தது.
உதவி என்று தட்டினான்.
பெயருக்குப் பதில் எண்கள் வைத்திருந்த யாரோ
எந்த ஊரோ, அங்கே என்ன நேரமோ,
ஓடி வந்து கடப்பாரையை வீசினார்.
அவர் வந்து சேர்ந்தது இன்றைக்குத்தானாம்.
எல்லாவற்றிலும் ஒன்று.
மூன்றே வீச்சு.
இடிக்க எந்தத் திறனும் கேட்கவில்லை அந்த உலகம்.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள்
அடுப்புக்குப் பின்னால் பெயர்ந்திருந்த செங்கல்லுக்காக
சின்ன வாளியில் கலவை குழைத்தான்.
கரண்டியைப் பிடித்த கை
உரித்த உருளைக்கிழங்கு நிறத்தில், நடுங்கியது.
ஒரு செங்கல் வைத்தான். மட்டம் பார்த்தான்.
அப்படியே நின்றான்.

"எதற்குக் காத்திருக்கிறாய்?"

சுவருக்கு மேல், காற்றில்,
எண் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வாளியில் கலவை
இறுகத் தொடங்கியிருந்தது.