ஒன்பது புள்ளி

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
உதுமான் பாய் கடையின் பின்னறையில்
ஆறு ஆள் சேர்ந்தாலும் அசையாத நிலைக்கதவை
ஒற்றை விரலால் இழுத்து
திரையில் போடுகிறேன்.

எட்டு எம்பி.

"இந்தக் கனம் ஆகாது லூர்து.
போன தடவை புனேக்காரர் பார்க்கையில
லட்சுமி கழுத்து வரைக்கும் வந்து
நின்னுட்டாளாம்.
கீழே இறங்கறதுக்குள்ள
அவர் மூடிட்டுப் போயிட்டார்."

சரி.
ஆறாயிரம் அகலத்தை ஆயிரத்து இருநூறாக்குகிறேன்.
கண்ணுக்குத் தெரியாததை மட்டும் எடுப்பேன்
என்கிறது மென்பொருள்.
எந்தக் கண்ணுக்கு என்று சொல்வதில்லை.

தரம் தொண்ணூறில்
யாளியின் பல் பல்லாகவே இருக்கிறது.
எழுபதில் பர்மாத் தேக்கின் ரேகை
லேசாக வழுக்குகிறது, எண்ணெய்க் கையால் தொட்டதுபோல்.
நாற்பதில்
முற்றத்து வானம் படிக்கட்டாகிவிடும்,
லட்சுமிக்கு முகமெல்லாம் கட்டம் கட்டமாய்
அம்மை போட்ட மாதிரி.
திரும்பி அறுபத்திரண்டுக்கு வருகிறேன்.
அதுதான் என் கைக்கு வந்த உப்பு.

சேமிக்கும் முன்
மூலப்படத்தை ஒருமுறை முழு அளவில் பார்ப்பது
வழக்கம்.

கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த
பெல்ஜியம் கண்ணாடி.
அதற்குள்
கைபேசியை நெற்றிக்கு உயர்த்திய பாண்டிமுருகன்.
அவன் தோளுக்குப் பின்னால்
பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில்
சுவரைப் பார்த்தபடி ஒருவர்.

அந்த வீட்டுக்குப் பதினாலு புள்ளி.
பத்திரத்தைத் தட்டச்சு செய்தவள் நான்,
எனக்குத் தெரியும்.
பதிமூன்று கையெழுத்து ஒரே நாளில் விழுந்தது.
கடைசி ஒன்று
ஒன்பது நாள் கழித்து, வேறு மையில்.
படம் எடுத்த தேதி
இரண்டுக்கும் நடுவில்.

ஆயிரத்து இருநூறில்
அவர் ஒன்பது புள்ளி அகலம்.
அறுபத்திரண்டில்
ரசம் போன கண்ணாடியின் ஒரு கறை.
வெட்டலாமா என்று யோசித்தேன்.
வெட்டத் தேவையில்லை.

இன்னும் ஒரு கட்டம் மிச்சம்:
விவரங்களை நீக்கு.
அட்சரேகை, தீர்க்கரேகை,
காலை பதினொன்று நாற்பத்திரண்டு,
பள்ளத்தூரில் எந்தத் தெரு, எந்த வீடு.
"அது தெரிஞ்சா நேரா அங்கேயே போயிருவாங்க" என்பார் பாய்.
டிக் செய்கிறேன்.
பன்னிரண்டு கேபி குறைகிறது.
ஒரு வீடு இருக்குமிடம்
அவ்வளவுதான் எடை.

நூற்று நாற்பத்தாறு கேபி.
புனேயில் கண் சிமிட்டுவதற்குள் திறந்ததாம்.
லட்சுமி பாதம் வரை இறங்கினாள்.
விலையும் ஒரே பேச்சில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
ஆறு பேர் போதாமல்
டீக்கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர்.
குப்புசாமிக்குக் கால் கட்டைவிரல் நசுங்கி
நகம் கறுத்துவிட்டது.
கதவு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை.

சனிக்கிழமைகளில்
மூலப்படங்களை அழித்துவிடுவேன்.
வட்டில் இடமில்லை, பாயும் கேட்பார்.
இதை மட்டும்
'மின்கட்டண ரசீது' என்ற உறைக்குள்
பெயர் மாற்றிப் போட்டேன்.
யாருக்காக என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
அங்கே இன்னும் எட்டு எம்பியாக
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது தூண்கள்.
முப்பத்தாறு படம்,
ஒவ்வொன்றும் ஒன்பது எம்பி.
பாண்டிமுருகனிடம் சொல்ல வேண்டும்,
அடுத்த முறை
கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு எடு என்று.