மூடியின் மேல் பனி

ஜனவரி பில் வந்த இரவு
வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு
டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன்.
அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பின்கதவுக்கு வெளியே
இருட்டில் யாரோ மென்று தின்கிற சத்தம்.
பம்ப்.

ஆயிரத்து இருநூறு லிட்டர்.
உள்ளே முப்பத்தொன்பது டிகிரி,
வெளியே மைனஸ் பதினேழு.
ஹல்வார்ட் ஆசைப்பட்டு வாங்கியது.
அவன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன்,
ஆறு வாரம் கடல், ஆறு வாரம் வீடு.
தொட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது,
அவன் இப்போதே வந்து இறங்கப்போவதுபோல
நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது.

கொங்ஸ்பெர்க்கில் மின்சாரத்துக்கு
மணிக்கொரு விலை.
மாலை ஐந்துக்கு ஊரே அடுப்பை மூட்டும்,
தொட்டால் சுடும்.
அதிகாலை மூன்றுக்குக்
கேட்பாரற்றுக் கிடக்கும்.

குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டிக்
குளித்ததையெல்லாம் எழுதினேன்:
நான், இரண்டு முறை, மொத்தம் இரண்டு மணி நேரம்.
தீரிலும் அவள் தோழியும், ஒன்றரை.
மாதத்தில் எழுநூற்று நாற்பத்து நான்கு மணி.
மிச்சம் எழுநூற்று நாற்பதரை
யாருக்கும் இல்லாமல் வெதுவெதுப்பாய் இருந்திருக்கிறது.
நாங்கள் குளித்ததற்கு இல்லை பில்,
தொட்டி காத்திருந்ததற்கு.

காலையில் பனி கொட்டியிருந்தது.
விறகுக் குவியல் மேல், வேலி மேல்,
தீரில் உள்ளே எடுத்துவைக்க மறந்த சைக்கிள் மேல்.
தொட்டியின் மூடி மட்டும்
கறுப்பாய், ஈரமாய்.
அதன் நடுமடிப்பில்
நீலம் மினுங்கும் ஒரு வால்காக்கை
கால் மாற்றிக் கால் மாற்றி நின்று
எங்கள் செலவில்
குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.
ஒரு கையால் தூக்கிய மூடி அது.
ஏழு வருட ஆவியைக் குடித்துக் குடித்து
உள்ளே இருந்த நுரைப்பாளம்
ஊறிப்போய்க் கனக்கிறது.
எவ்வளவு ஈரமோ அவ்வளவு ஓட்டை.

"சூட்டைக் குறைக்காதே,
மறுபடி ஏற்றுவதற்கு
அதைவிட அதிகம் பிடிக்கும்"
என்றான் போனில், வடகடல் இரைச்சலுக்கு நடுவே.
எஞ்சின் அறைக்காரன் சொல்கிறான்,
கேட்டிருக்கலாம்.
முப்பத்தொன்றுக்கு இறக்கிவிட்டு
தினம் மீட்டரைக் குறித்தேன்.
இருபத்தாறு யூனிட் தின்றது பதினெட்டாயிற்று.
ஆறிய நீர் குறைவாகத்தான் இழக்கிறது,
இழப்பதற்கு அதனிடம்
குறைவாகத்தான் இருக்கிறது.
இதை ஏன் யாரும் எனக்கு
இருபது வயதில் சொல்லவில்லை என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
தண்ணீரைப் பற்றி மட்டுமில்லை.

பிறகு புது மூடி.
எதிர்வீட்டு ஒட்லௌகும் நானும் பழையதை
பனியில் இழுத்துக்கொண்டு போனோம்,
செத்த கடல்நாயை இழுப்பதுபோல.
வடக்குக் காற்றுக்கு நாலு பலகை அடித்தேன்.
பம்புக்கு மாலையில் ஓய்வு, ஹீட்டருக்கு
இரவு ஒன்று முதல் ஐந்து வரை வேலை.

மார்ச்சில் ஒரு காலை
மூடியின் மேல் நாலு விரல் பனி
கலையாமல், பிசகாமல்.
வால்காக்கை வந்து உட்கார்ந்தது.
ஒரு காலைத் தூக்கியது.
மறு காலைத் தூக்கியது.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
ஒட்லௌக் வீட்டுப் புகைபோக்கிக்குப் போய்விட்டது.
அன்று முழுக்க எனக்கு
ஏதோ குற்றம் செய்ததுபோல இருந்தது.

ஹல்வார்ட் வந்தான்.
பையைத் தோளிலிருந்து இறக்காமல்
பனியைப் பார்த்து, "அணைத்துவிட்டாயா?"
"கையை விட்டுப் பார்."
முழங்கை வரை விட்டான்.
பேசவில்லை.
எடுக்கவுமில்லை.

இரவு இரண்டு மணிக்கு இறங்கினோம், மலிவான நேரம்.
முடி நுனிகள் உறைந்து
அவன் திரும்பும்போதெல்லாம் கிலுகிலுத்தன.
தாளில் புது வரி:
இருவர், ஒன்றே கால் மணி.
கணக்கு முழுவதும் காட்டினேன்,
எத்தனை யூனிட் மிச்சம், எத்தனை குரோனர்.
மூடியின் விலையை மட்டும்
இன்னும் சொல்லவில்லை.