வேகமுள் என் பக்கம்

ஜப்பானில் வலப்பக்கம் ஓட்டப்பட்ட வேன்.
பொலிவியாவுக்கு வந்ததும் எலுதேரியோ
ஸ்டியரிங்கைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டான்.
மீட்டர் பலகை மட்டும் நகரவில்லை,
வயர் எட்டவில்லையாம்.
"பெரெஸ்! பெரெஸ்!" என்று கூவி ஆளேற்றும்
என் முழங்காலுக்கு எதிரே
நடுங்கிக்கொண்டிருக்கிறது வேகமுள்.

வைப்பரும் பழைய முதலாளிக்கே விசுவாசம்.
என் பக்கக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைக்கும்;
ஃபாவியானோ பக்கம் ஒரு முக்கோணம்
மழையோடு மழையாய்க் கிடக்கும்.

ஸ்டியரிங் பெட்டி வேறு வருடத்து மாடல்.
தண்டில் முப்பத்தாறு பல், மூட்டில் முப்பத்தைந்து.
ஒரு பல்தானே என்றார் சந்தையில் விற்றவர்,
அவர் வாயிலும் ஒன்று குறைவு.
வெட்டி, வெல்டிங் வைத்து, எப்படியோ சேர்ந்தது.
வண்டி நேராகத்தான் போகிறது.
ஸ்டியரிங் மட்டும் சற்றே தலைசாய்த்திருக்கும்,
ஒரு காது மந்தமானவர் போல.

எல் ஆல்டோவிலிருந்து லா பாஸுக்கு ஒரே இறக்கம்.
வளைவுக்கு வளைவு "எவ்வளவு?" என்பான் ஃபாவியானோ.
முள் நாற்பது காட்டும்.
"அறுபது" என்பேன்.
அவன் கால் பிரேக்குக்குப் போகும்.
நான்கு வருடப் பொய்.

நேற்று கியர்பெட்டியைத் திறந்த எலுதேரியோ
ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தோடு எழுந்து வந்தான்.
"இது இந்த வண்டியுடையதே இல்லை.
அறுபதில் போனால் நாற்பதுதான் காட்டியிருக்கும்.
சரியானது கைவசம் இருக்கிறது, மாற்றட்டுமா?"

ஃபாவியானோ திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாற்று" என்றேன்.
பாவாடையில் பட்ட கிரீஸைச் சுரண்டியபடி
இனி எத்தனை கூட்டிச் சொல்வது என்று
கணக்குப் போட்டேன்.