மூன்றாவது பெட்டி

லொறியில் வந்திறங்கிய பதினொன்றில்
ஒன்பது விற்றுப்போய்
மீதி இரண்டு நிற்கின்றன
அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட, நவ்பீஸின் கடைவாசலில்.
ஒன்று சிவப்பு. மற்றது
பொலித்தீன் இன்னும் உரிக்காத நீலம்.

"ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீற்றர், ரீச்சர்" என்கிறான்.
அன்ரனெற்றா ரீச்சர் இல்லை.
உப்புவெளி ஹோட்டல் மூன்றுக்கு
விடியமுன் இடியப்பம் கொடுக்கிறவள்.
யாரிடம் விலை கூட்ட வேண்டுமோ
அவரை ரீச்சர் என்பது அவன் வழக்கம்.

நூறு கிலோமீற்றரை யார் ஓடிப் பார்த்தது?
நாற்பது கிலோப் பொடியன் ஒருவன்,
காற்றில்லாத நாளில், மேடில்லாத ஊரில்,
சைக்கிள் வேகத்தில் போயிருப்பான்.
அப்படி ஓர் ஊர் இருந்தால்
அங்கே எவருக்கும் அவசரம் இராது.

என்னைக் கூட்டிவந்தது என் மீற்றருக்காக.
மஞ்சள் பெட்டி, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர்.
மின்சார சபையில் பத்தொன்பது வருஷம்
வீடு வீடாய் எண் வாசித்தவன் நான்.
நாய்க்குப் பயந்ததுண்டு, எண்ணுக்குப் பயந்ததில்லை.

காலடித் தகட்டின் நாலு ஆணியையும் கழற்றச் சொன்னேன்.
நவ்பீஸின் முகத்தில் ஐந்தாவது கழன்றது.

உள்ளே ஐந்து பெட்டிகள், தோளோடு தோள்,
ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தில் 'கிராபீன்'.
ஈயத்துக்குப் பூசிய முலாம் அந்தச் சொல்.
திகதி குத்திய இடத்தில் ஸ்ரிக்கர்;
ஸ்ரிக்கரின் கீழே போன வருஷத்து மாசி.

சும்மா நிற்கையில் எல்லாம் பதின்மூன்று காட்டின.
சும்மா நிற்கையில் எவரும் நல்லவர்தான்.

ஆகவே கோணேசர் மலைக்கு ஏற்றினோம்.
அன்ரனெற்றா ஓட்ட, பின்னால் நான், எழுபத்தெட்டுக் கிலோ,
மீற்றர் மடியில்.
முதல் ஏற்றம், முதல் பெட்டி: பன்னிரண்டு.
இறங்கி, வயரை மாற்றி, மறுபடி: அதுவும் பன்னிரண்டு.
மூன்றாம் தரம் கச்சான்காரி சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.
ஒன்பது புள்ளி இரண்டு.

நாலாவதும் ஐந்தாவதும் பரவாயில்லை.
மூன்றாவது, கப்பலிலும் களஞ்சியத்திலும்
மாதக்கணக்காய்ப் பட்டினி கிடந்திருக்கும்.
பசித்த ஈயத் தகட்டில் வெள்ளை படியும்.
படிந்தபின் எவ்வளவு ஊட்டினாலும்
வாய் நிறையும், வயிறு நிறையாது.
மற்ற நாலையும் அது தன் நொண்டிக்கு நடத்தும்.

"முப்பது ஓடும்" என்றேன். "எதிர்க்காற்றென்றால் இருபத்தைந்து.
வருஷம் முடியமுன் பெட்டி போகும்."
நவ்பீஸ், சீனாச் சாமான் மேல்
சீனக்குடாப் பக்கம் கைநீட்டிச் சத்தியம் பண்ணினான்.

அன்ரனெற்றா விரலில் கணக்குப் பார்த்தாள்.
பாலையூற்றிலிருந்து உப்புவெளி, திரும்பப் பாலையூற்று.
"பதினாலு. எனக்கு நூறு என்னத்துக்கு?
மன்னாருக்கோ இடியப்பம் கொண்டு போறன்?
ஒரு பெட்டியின்ர காசைக் குறை,
நீலத்தைத் தா."

அன்றிரவு, ஏனோ,
என் வீட்டுச் சுவர்ப் பிளக்கில் மீற்றரை வைத்தேன்.
இருநூற்றைம்பத்தாறு.
எங்கள் ஒழுங்கைக்கு ஒருநாளும் வராத மின்சாரம்.
கண்ணாடியைத் தேடிப் போட்டேன்:
திரையின் மூலையில், எள்ளளவில்,
பற்றறிப் படம் ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.
எப்போதிருந்து?

புதுப் பற்றறி போட்டேன். இருநூற்று முப்பது.
அப்போ நான் பதின்மூன்றென்றது பன்னிரண்டு.
ஒன்பதென்றது?

அவளிடம் சொல்லவில்லை.
ஐந்தரைக்கு என் கேற்றைக் கடக்கிறாள்.
சத்தமே இல்லை, இடியப்ப வாசம் மட்டும்
ஒரு கணம் பிந்தி வரும்.
வீதியில் படுத்திருக்கும் மான்கள் எழும்புவதில்லையாம்,
எஞ்சின் கேட்டால்தான் அவற்றுக்கு வாகனம்.
ஹோர்ன் அடித்து அடித்தே
பாதிச் சார்ஜ் போகிறதென்று திட்டுகிறாள்.

ஏழேகாலுக்குத் திரும்புவாள்.
ஏழு இருபது ஆனால்
தேத்தண்ணியோடு கேற்றடிக்கு வந்து நிற்பேன்,
பேப்பர்க்காரனைப் பார்க்கிறவன் மாதிரி.