தொண்ணூற்று ஐந்து

பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.
பாதரசம் தொண்ணூற்று ஐந்தில் நின்றுகொண்டு
மேலே வர மாட்டேன் என்கிறது.
ஸ்பிரிட் விளக்கின் திரியை இழுத்துவிட்டேன்.
தண்ணீர்தான் இன்னும் துள்ளியது,
கோடு அசையவில்லை.

புத்தகத்தில் நூறு.
போன வருஷத்து அக்காக்களின் ரெக்கார்டில் நூறு.
நாகலூரிலிருந்து வருகிற எனக்கு மட்டும்
ஏன் ஐந்து குறைய வேண்டும்?
என் கைராசி அப்படி என்று
பென்சிலால் எழுதினேன் நூறு.
எப்போதும் பென்சில்தான் நான்.

பக்கத்து மேசை ஜெசிந்தா
பேனாவில் 95 எழுதியிருந்தாள்.
"மார்க் போயிடும்டி" என்றேன்.
"தண்ணிகிட்ட போய்ச் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை, தம்பிக்குச் செருப்பு வாங்க
சேலத்துக்கு பஸ்.
ஏற்காட்டிலேயே குடித்து முடித்த பாட்டிலை
மூடி இறுக்கி மடியில் வைத்திருந்தேன்.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
காது அடைத்தது, எச்சில் விழுங்கினேன்.
ஆறாம் வளைவில் பாட்டில் 'டொக்' என்றது.
அடிவாரத்தில் பார்த்தால்
யாரோ பிடித்துப் பிசைந்ததுபோல் ஒடுங்கிக் கிடக்கிறது.
யாரும் தொடவில்லை.
மூடியைத் திறந்தேன்,
உஸ்ஸென்று காற்றை இழுத்து நிமிர்ந்துகொண்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து நின்றன:
கீழேயிருந்து ஏற்றிவந்த சிப்ஸ் பாக்கெட்டுகள்
எங்கள் ஊர்க் கடைக் கொக்கியில்
வயிறு உப்பித் தொங்குவது.
சட்டியில் பருப்பு வேகாமல்
அம்மா கடைக்காரரைத் திட்டுவது
(பாவம் அவர், இத்தனை வருஷமாக).
மேலே காற்றின் பாரம் குறைவு.
அழுத்திப் பிடிக்க ஆளில்லாத தண்ணீர்
சீக்கிரமே கிளம்பிவிடுகிறது.

செருப்புக் கடையில் நான் சிரித்ததை
தம்பி தன் காலைப் பார்த்துத்தான் என்று நினைத்து
கோபித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை நூறை அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் பேனாவால் 95,
எழுத்து கோணலாகத்தான் வந்தது.
கீழே பாட்டிலைப் பற்றி நாலு வரி,
பருப்பைப் பற்றி ஒன்று.

மிஸ் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டு நிமிர்ந்தார்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஆனாலும் சொல்லிவிட்டேன்:

"இன்னொரு தடவை கொதிக்கவைக்கலாம் மிஸ்.
விளக்கில் ஸ்பிரிட் இருக்கிறது."